பச்சைத் திரையில் இல்லாத எழுத்து: இசைக்காணொளிகளின் பழங்கணினி எழுத்துக்காட்சியும் தமிழ் வரிவடிவ வரலாறும் – விழுப்புரம், திண்டிவனம் ஊர்ப்பெயர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கருந்திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றுவதும், சுட்டுக்குறி மின்னுவதும், எழுத்துகள் மழைபோல் வழிவதும் இன்றைய இசைக்காணொளிகளில் பரவலாகக் கையாளப்படும் காட்சி உத்திகள். இவை 1970, 80களின் கணித்திரையை நினைவுபடுத்துவன. ஆயின் அக்காலக் கணித்திரையின் எழுத்துக் கட்டம் உரோமன் எழுத்துக்கென அமைந்தது. தமிழ் அதில் இயல்பாக இடம்பெற்றதில்லை. எனவே தமிழில் இவ்வுத்தியைக் கையாளும் கலைஞர், இருந்த ஒன்றை மீட்டெடுக்கவில்லை; இல்லாத ஒரு கடந்தகாலத்தைப் புதிதாகப் படைக்கிறார். இக்கருத்தைத் தமிழ்க் கணிமை வரலாற்றின் துணைகொண்டும், விழுப்புரம், திண்டிவனம் என்னும் இரு ஊர்ப்பெயர்களைக் கட்டத்தில் வரைந்து காணும் சோதனையின் வழியும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துக் கட்டம், குறியேற்றம், ஒருங்குறி, எழுத்துச் சீர்திருத்தம், மாத்திரை, அசை, இசைக்காணொளி.

1. முன்னுரை

எழுதப்படும் பொருள் எழுத்தின் வடிவைத் தீர்மானிக்கிறது என்பது கல்வெட்டியல் அறிந்தோர்க்குப் புதிய செய்தி அன்று. ஓலையில் எழுத்தாணி புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடுகளில் மெய்கள் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதப்பட்டன. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் பாறையில் வெட்டப்பட்ட எழுத்தும், விழுப்புரம் வட்டாரத்து ஏடுகளில் கீறப்பட்ட எழுத்தும், அச்சுக் கோத்த எழுத்தும் தத்தம் பரப்பின் தன்மையைத் தாங்கியவை. கணித்திரையும் அவ்வாறான ஒரு பரப்பே. ஆனால் கல்லையும் ஓலையையும் ஆராய்ந்த அளவிற்குத் தமிழாய்வுலகம் கணித்திரையை எழுதுபரப்பாகக் கருதி ஆராயவில்லை.

இன்று இசைக்காணொளிகள் இப்பொருளை நம்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றன. திரைப்படத்தைச் சாராத தனிப்பாடல்களைச் சிறு குழுக்கள் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் தாமே உருவாக்கும் காலம் இது. பெருநகரின் வரைகலைக்கூடங்களை நாடாமல் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருந்துகொண்டே ஒரு பாடலுக்குக் காட்சி அமைக்க இயலும். அத்தகையோர் எளிதில் எடுத்தாளும் உத்திகளுள் ஒன்று பழங்கணினி எழுத்துக்காட்சி. ஆங்கிலச் சொற்களை இட்டால் உடனே பொருந்தும் அவ்வுத்தி, தமிழ்ச் சொற்களை இட்டதும் சிதைகிறது, அல்லது பொய்யாகத் தோன்றுகிறது. இதற்குக் காரணம் கலைஞரின் திறமைக் குறைவன்று; வரலாறே காரணம்.

2. எட்டுக்கு எட்டுக் கட்டம்

1981ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் திரை, ஒரு வரிக்கு 80 எழுத்து, ஒரு திரைக்கு 25 வரி என்னும் அளவில் பகுக்கப்பட்டிருந்தது. அதன் வண்ண வரைகலை அட்டையில் ஒவ்வோர் எழுத்துக்கும் கிடையாக 8 புள்ளி, நெடுக்காக 8 புள்ளி கொண்ட கட்டம் ஒதுக்கப்பட்டது. அக்கட்டத்துள் எழுத்துகளுக்கிடையேயான வெளியும் அடங்கும். ஆதலால் எழுத்தின் மெய்யான அகலம் 7 புள்ளியே. எல்லா எழுத்துக்கும் அகலம் ஒன்றே. 1987இல் வந்த விஜிஏ அட்டை கட்டத்தின் உயரத்தை 16 புள்ளியாக உயர்த்தியது. அகலமோ 9 புள்ளியே.

இன்று நாம் ‘பழங்கணினித் தோற்றம்’ என்று உணர்வது இக்கட்டத்தின் விளைவே. ஒரே அகலமுள்ள எழுத்துகள் நெடுவரிசையாக அணிவகுப்பதும், படிக்கட்டுபோல் உடைந்த வளைவுகளும், ஒவ்வோர் எழுத்தும் தனித்து முளைப்பதும் அதன் கூறுகள். மேலைநாட்டு இசைக்குழுக்கள் இதனைப் பலவாறு கையாண்டுள்ளன. 2008இல் ஏசி/டிசி இசைக்குழு தன் பாடலொன்றின் காணொளியை எக்செல் விரிதாளுக்குள் எழுத்துக்குறிகளாலேயே ஓடவிட்டது குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு.

உரோமன் அல்லாத எழுத்துகள் இத்தோற்றத்தைப் பெறவே இயலாது என்பதன்று. 1969இலேயே ஜப்பானியர் தம் கட்டகனா எழுத்துகளை அரை அகல வடிவில் தரப்படுத்தினர். கோடுகளால் ஆன அவ்வெழுத்துகள் 8 புள்ளிக் கட்டத்துள் அடங்கின. 1999இல் வெளியான ‘தி மேட்ரிக்ஸ்’ திரைப்படத்தின் எழுத்து மழையில் அக்கட்டகனா எழுத்துகளே இடவலம் மாற்றிக் காட்டப்பட்டன. அக்காட்சி உலகெங்கும் நம்பத்தக்கதாய் இருந்ததற்கு ஒரு காரணம், அவ்வெழுத்துகள் உண்மையிலேயே பழைய திரைகளில் வாழ்ந்தவை என்பது. தமிழுக்கு அத்தகைய பட்டறிவு இல்லை.

3. ஒலி முன்னே, எழுத்து பின்னே

தமிழ்ப்பாடலின் கணினிமயத்தை நோக்கினால் ஒரு முரண் தெரியவருகிறது. 1983இல் மிடி என்னும் இசைத்தரவுத் தரம் வெளிவந்தது. 1986இல் இளையராஜா இசையமைத்த ‘புன்னகை மன்னன்’, கணினிவழி இசைக்கோப்பைக் கையாண்ட முன்னோடிப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. அதே ஆண்டில் சுஜாதாவின் கதையைக் கொண்ட ‘விக்ரம்’ வெளிவந்தது; கணினியும் ஏவுகணையும் தமிழ்த் திரைக்கதையின் பொருளாயின. ஆக, 1986ஆம் ஆண்டளவில் தமிழ்ப்பாடலின் ஒலி கணினிக்குள் புகுந்துவிட்டது. தமிழ்ப்பாடலின் எழுத்தோ அன்று பெரும்பாலான திரைகளில் தோன்றவும் இயலாதிருந்தது.

பள்ளிகளிலும் இதுவே நிலை. 1984இல் நடுவண் அரசு தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழி இந்தியப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. அத்திரைகளில் மாணவர் கண்டது ஆங்கிலத்தையே. கணினி என்றால் ஆங்கில எழுத்து என்னும் மனப்படிவு இவ்வாறே வேரூன்றியது.

இம்மனப்படிவு திரைப்படத்திலும் தொடர்ந்தது. 1992இல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய ‘அண்ணாமலை’ படத்தில் அறிமுகமான ரஜினிகாந்த் பெயர்க்காட்சி, ஒளிப்புள்ளிகளால் எழுத்தெழுத்தாக விரிவது. தமிழ்த்திரையில் மிகப் பரவலாக அறியப்பட்ட புள்ளியெழுத்துக் காட்சி அதுவே எனலாம். அதில் ‘சூப்பர் ஸ்டார்’ என்னும் பட்டம் ஆங்கில எழுத்துகளாலேயே கூட்டிக் காட்டப்பட்டது. அரங்கிலிருந்த மக்களும் ஆங்கில எழுத்துகளைக் கூட்டியே குரல் எழுப்பினர். புள்ளியால் ஆன எழுத்து ஆங்கில எழுத்தாகவே மக்கள் நினைவில் பதிந்தது.

4. திரையில் தமிழ் வந்த வழி

தமிழின் வருகைக்கு முன்னீடாக அமைந்தது எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் தொடங்கிய மாற்றங்களுள் ஒரு பகுதியை 1978 அக்டோபரில் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் தம் தனிவடிவை இழந்து பொதுவடிவைப் பெற்றன. இதனால் பொறியில் அடக்கவேண்டிய வடிவங்களின் எண்ணிக்கை குறைந்தது.

எஞ்சிய வடிவங்களை எண்ணிப் பார்க்கலாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, உகர ஊகார உயிர்மெய் 36, துணைக்குறிகள் 6, டி, டீ 2 என 93 வடிவங்கள் வருகின்றன. கிரந்த எழுத்துகள் ஐந்தும், அவற்றின் புள்ளி வடிவங்களும், ‘ஸ்ரீ’யும் சேர 104 ஆகும். எட்டுத்துணுக்குக் குறியேற்றத்தில் ஆங்கிலத்துக்குப் போக மீதமுள்ள இடங்கள் 128. எனவே 247 எழுத்துகளும் கணினியில் அடங்கா என்னும் பரவலான கூற்று முழுதும் சரியன்று. இடங்களின் எண்ணிக்கை போதுமானதாகவே இருந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் கிடைத்த கட்டத்தின் அளவே போதவில்லை.

கட்டத்தின் தடையைக் கடக்கப் பலர் முயன்றனர். 1984இல் கனடாவிலிருந்து கு. சீனிவாசன் ‘ஆதமி’யையும், 1985இல் மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் ‘முரசு’ செயலியையும் உருவாக்கினர். கான்பூர் ஐஐடியில் தொடங்கிப் புனே சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை, இந்திய எழுத்துகளைச் சாதாரணக் கணினித் திரையில் காட்டியது. 1991இல் இஸ்கி இந்தியத் தரமாயிற்று. அவ்வாண்டே ஒருங்குறியின் முதற்பதிப்பிலும் தமிழ் இடம்பெற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டி தமிழ் 99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் அரசால் ஏற்கப்பட்டன. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறியையும் டேஸ் 16 குறியேற்றத்தையும் தரமாக அறிவிக்கும் ஆணை பிறந்தது.

இக்காலவரிசை உணர்த்துவது ஒன்று. தமிழ் பொதுமக்கள் கண்ணுக்குக் கணித்திரையில் பரவலாகத் தெரியத் தொடங்கியபோது, பச்சைத் திரையின் காலம் முடிந்திருந்தது. அளவு மாற்றத்தக்க எழுத்துருக்களும் சாளர இயங்குதளங்களும் வந்துவிட்டன. தமிழ் புள்ளிக்கட்டத்துள் நெடுநாள் வாழாமலே வளைவான எழுத்துருக்களுக்குத் தாவிவிட்டது.

5. இரு ஊர்ப்பெயர்கள்: கட்டத்தாள் சோதனை

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய பெயர்களைக் கட்டத்தாளில் வரைந்து பார்த்தால் சிக்கலின் தன்மை தெளிவாகும். உரோமன் எழுத்தில் இரண்டுக்கும் பத்துப் பத்து எழுத்துகள். நிலையகலக் கட்டத்தில் இவ்விரு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, இம்மியும் பிசகாமல் பொருந்தும். தமிழில் இரண்டுக்கும் ஆறு ஆறு எழுத்துகள். ஆயினும் இரண்டும் ஒரே அகலம் பெறுவதில்லை.

திண்டிவனத்தில் வரும் மூன்றுசுழி ணகரத்தைக் காண்போம். சுழிகளையும் வளைவுகளையும் பிரித்துக் காட்ட, குத்துக்கோடுகள் ஐந்துக்குக் குறையாமல் வேண்டும். அவற்றிடையே நான்கு வெளிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கொடுத்தாலும் 9 புள்ளி ஆகிறது. கட்டத்தில் இருப்பதோ 7. நெருக்கி எழுதினால் மூன்றுசுழி ணகரம் இரண்டுசுழி னகரமாகத் தோன்றும். அதே பெயரில் இரு எழுத்தும் வருவதால் இம்மயக்கத்தைத் தவிர்க்க இயலாது. மாறாக அப்பெயரிலுள்ள டகரத்துக்கோ 4, 5 புள்ளி அகலமே போதும். ஒரே அகலம் என்னும் விதி இங்கே டகரத்தை வலிந்து நீட்டுகிறது, ணகரத்தை வலிந்து நசுக்குகிறது.

விழுப்புரத்தின் இடர் உயரத்தில் உள்ளது. ‘வி’யின் இகரக்குறி மேலே எழுகிறது, ‘ப்’, ‘ம்’ ஆகியவற்றின் புள்ளி தலைக்கு மேல் தனித்து நிற்கவேண்டும், ‘ழு’, ‘பு’ ஆகியன அடியில் இறங்குகின்றன. எழுத்தின் உடலுக்கு 7 வரிசை, மேற்குறிக்கு 3, கீழிறக்கத்துக்கு 3 எனக் கொண்டால் 13 வரிசைகள் வேண்டும். எட்டு வரிசைக் கட்டத்தில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளி ஒட்டிய மெய் உயிர்மெய்யாக வாசிக்கப்படும். ஓலையில் புள்ளி இழந்த மெய், கணித்திரையில் மீண்டும் அதனை இழக்கும் நிலை இது.

இரு பெயர்களும் இயல்பாக அமையத் தமிழுக்கு 16 வரிசை உயரமும், அகன்ற எழுத்துகளுக்கு இரு கட்ட அகலமும் தேவை. ஜப்பானியர் தம் கான்ஜி எழுத்துகளுக்கு மேற்கொண்ட வழியும் இரட்டைக் கட்டமே. ஆகவே தமிழில் நம்பத்தக்க பழங்கணினி எழுத்தை வரைய முனைவோர், 8 புள்ளி ஆங்கில எழுத்துருவைப் போலி செய்தல் தகாது. ட, ர போன்றவற்றுக்கு ஒரு கட்டமும் ண, ழு போன்றவற்றுக்கு இரு கட்டமும் கொடுக்கும் கலப்பு முறையே வரலாற்றுக்கு நெருக்கமானது.

6. தட்டச்சுத் தோற்றமும் மாத்திரையும்

எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைக்கும் காட்சியில் ‘ஒவ்வொன்று’ என்பதன் பொருள் யாது? ஆங்கிலத்தில் இவ்வினா எழுவதில்லை. ஒருங்குறியில் விழுப்புரம் என்பது 11 குறியெண்கள். மென்பொருள் குறியெண்தோறும் ஒரு படி காட்டினால் முதலில் ‘வ’ தோன்றி, அது ‘வி’ ஆகும். பின்னர் ‘விழ’ தோன்றி ‘விழு’ ஆகும். பதினொரு படிகளுள் ஐந்தில், பெயரில் இல்லாத ஓர் உயிர்மெய் தோன்றி மறைகிறது. ‘சென்னை’ என்னும் சொல்லில் இன்னும் வியப்பான நிகழ்வு: முதலில் தோன்றிய சகரத்தை வலப்பக்கம் தள்ளிக்கொண்டு கொம்பு முன்னே வந்து நிற்கும். தட்டச்சுப்பொறியிலும் வடிவவழிக் குறியேற்றமாகிய திஸ்கியிலும் கொம்பே முதலில் வரும். எனவே இத்துள்ளல் பழைய கருவிகளுக்கு உரியதன்று. பழங்காலத்தைக் காட்ட முனையும் காணொளியில் புதுக்கால ஒருங்குறியின் நடத்தை புகுந்துவிடுகிறது.

குறியெண்ணை விடுத்து எழுத்தை அலகாகக் கொண்டால் தமிழுக்கு ஒரு தனிவாய்ப்புக் கிட்டுகிறது. தொல்காப்பியம் குறிலுக்கு ஒன்றும், நெடிலுக்கு இரண்டும், மெய்க்கு அரையுமாக மாத்திரை வகுத்தது. தமிழில் எழுத்து என்பது வடிவின் பெயர் மட்டுமன்று, ஒலியளவின் பெயருமாகும். விழுப்புரம்: 1, 1, ½, 1, 1, ½ எனக் கூட்ட 5 மாத்திரை. திண்டிவனம்: 1, ½, 1, 1, 1, ½ எனக் கூட்ட அதுவும் 5 மாத்திரை. எழுத்தெண்ணிக்கையிலும் மாத்திரையிலும் ஒத்த இரு பெயர்களும் அசையில் வேறுபடுகின்றன. விழுப்/புரம் என்பது நிரை நிரை, அதாவது கருவிளம். திண்/டிவ/னம் என்பது நேர் நிரை நேர், அதாவது கூவிளங்காய்.

எழுத்துதோறும் ஒரே கால இடைவெளியில் காட்டினால் இவ்வேறுபாடு மறைந்துபோகும். மெய்க்குப் பாதி நேரம் கொடுத்துக் காட்டினால், திரையில் எழுத்து முளைக்கும் கதி பாடலின் ஒலியளவோடு இசையும். அசைதோறும் காட்டினால் ஒரு பெயர் இரு வீச்சிலும் மற்றொன்று மூன்று வீச்சிலும் விரியும். பாடும்போது இசைப்பாளர் குறிலை நீட்டவும் மெய்யை அழுத்தவும் கூடும் என்பதால், இலக்கண மாத்திரை தாளத்துக்கு நேர்மாற்றாகாது. எனினும் ஆங்கிலத் தட்டச்சு விளைவைக் காட்டிலும் செறிவான அலகு யாப்பில் உள்ளது என்பதை இரு பெயர்களும் காட்டுகின்றன.

7. நம்முடைய பழங்கணினித் தோற்றம் எது?

பச்சைத் திரை நம்முடையதன்று எனில், தமிழின் மெய்யான மின்னெழுத்து நினைவு எங்குள்ளது? விழுப்புரம் மாவட்டம் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து உருவானது 1993 செப்டம்பர் 30 அன்று. அவ்வாண்டு ஏப்ரலில்தான் சன் தொலைக்காட்சி தொடங்கியது. கேபிள் இணைப்பு சிற்றூர்களுக்கும் பரவியது. உள்ளூர் ஒளிபரப்புகளில் திரைப்பாடல்களின் அடியில் கடை விளம்பரமும், பிறந்தநாள், மணநாள் வாழ்த்தும் ஓடும் எழுத்தாகச் சென்றன. பின்னர் வந்த இசை அலைவரிசைகளில் நேயர் குறுஞ்செய்திகள் பாடலின் அடியில் ஓடின. அவற்றுள் பல, தமிழை உரோமன் எழுத்தில் எழுதியவை. பாட்டும் மின்னெழுத்தும் ஒரே திரையில் மக்கள் முன் கூடியது இங்கேதான்.

இரண்டாவது நினைவு, கணினி அச்சகங்களுக்கு உரியது. திருமண அழைப்பிதழும் சுவரொட்டியும் உருவான அக்கடைகளில் பாமினி, வானவில் முதலிய எட்டுத்துணுக்கு எழுத்துருக்கள் வழங்கின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் உருமாறித் தோன்றும். மேட்ரிக்ஸின் எழுத்து மழை கற்பனை. இக்குறிக்குழப்பமோ 1990களில் கணினியில் தமிழ் எழுதியோர் அனைவரும் பட்டறிந்த உண்மை. இசைக்காணொளிக்குத் தமிழ்ப் பழங்கணினியின் முத்திரை வேண்டுமெனில், குழம்பிய குறிகள் தெளிந்து தமிழாகும் அக்கணமே மிகப் பொருத்தமானது.

மூன்றாவது, பேருந்துப் பலகை. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975இல் தோன்றிய போக்குவரத்துக் கழகம் தந்தை பெரியார் பெயரைத் தாங்கியிருந்தது. அப்பெயருடைய கழகத்தின் வண்டிகளில் ‘சென்னை’ என்னும் ஊர்ப்பெயர் 1978 ஆணைக்கு முன்னர்ப் பழைய னையிலும், பின்னர்ப் புதிய னையிலும் எழுதப்பட வேண்டியதாயிற்று. இன்று அரசுப் பேருந்துகளில் அப்பெயர் ஒளியுமிழ் புள்ளிகளால் ஒளிர்கிறது. தமிழ் புள்ளிக்கட்டத்துள் நாள்தோறும் வாழும் இடம், பழங்கணினி அன்று, இப்பலகையே. 1970களைக் களமாகக் கொள்ளும் காணொளியொன்று புதிய னையைப் பச்சை ஒளியில் காட்டுமாயின், அதன் பிழை ஒன்றன்று, இரண்டு: அக்காலத் திரையில் தமிழ் இல்லை, இருந்திருப்பினும் அவ்வடிவில் இருந்திராது.

8. முடிவுரை

பழங்கணினி எழுத்துக்காட்சி, தொழில்நுட்ப நினைவேக்கத்தின் வெளிப்பாடு. அது ஆங்கிலத்துக்கு நினைவு, தமிழுக்குப் புனைவு. புனைதல் குற்றமன்று, கலைக்கு அவ்வுரிமை உண்டு. ஆயின் புனைவு திரும்பத் திரும்பக் காட்டப்பட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுவே வரலாறாகிவிடும். ஜிஸ்ட் அட்டையும், திஸ்கிக் கோப்பும், கேபிள் ஒளிபரப்பின் ஒளிப்பேழையும், அச்சகத்து நெகிழ்வட்டும் கண்முன்னே அழிந்துவருகின்றன. ஒளிப்பேழை பூஞ்சையால் கெடுகிறது. நெகிழ்வட்டின் காந்தப்பதிவு மங்குகிறது. பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றித்தரும் மென்பொருள்களும் புதிய இயங்குதளங்களில் இயங்க மறுக்கின்றன.

கல்வெட்டைப் படியெடுக்கவும் ஓலையை மின்னாக்கம் செய்யவும் அறிந்த நாம், அண்மைக்காலத் திரையெழுத்தையும் ஆவணமாகக் கருதவேண்டும். இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. கல்லூரித் தமிழ்த்துறையும் கணினித்துறையும் இணைந்து, தத்தம் ஊரின் அச்சகங்களிலும் கேபிள் நிலையங்களிலும் எஞ்சியுள்ள கோப்புகளையும் பேழைகளையும் படியெடுத்து, அவை எக்குறியேற்றத்தில், எவ்வாண்டில் உருவாயின என்னும் குறிப்புடன் காத்தல் முதற்பணியாகலாம். விழுப்புரமும் திண்டிவனமும் அதற்கு ஏற்ற களங்கள். அத்தொகுப்பு உருவாகுமாயின், இசைக்காணொளி செய்யும் இளைஞர் அயலாரின் பச்சைத் திரையைக் கடன்வாங்க வேண்டியதில்லை. தம் ஊரின் எழுத்தையே எடுத்தாளலாம்.